இடமுறுக்குப் பிரி

– கட்டை அவுக்காதிய அண்ணாச்சி. கட்டியிருக்க பிரியை முதல்ல பாருங்க.

– வைக்கோப் பிரியில என்னத்தப் பாக்க, பாலம்மா? களத்துல காணாமப் போன நெல்லுக்கட்டு அகப்பட்டுச்சுல்லா. அதோட விடு.

– விட்டா எம் மவன் சொரிமுத்தைப் போலீசு தாணாவுக்கு இழுத்துட்டுப் போயிருவாவ. களவு போனா காவக்காரன்தான் பொறுப்புன்னு முன்சீப்புகூட உக்காந்து எழுதுனது நீங்கதான?

– ஊரு நல்லதுக்குத்தான் எழுதினோம். போன அறுப்புல நம்ம பயலுவ மூணு பேரு பாளையங்கோட்டை செயிலுக்குப் போனானுவ. கைநீளுத பயலுவளையே களத்துக் காவலுக்குப் போட்டா கையும் அடங்கும், கூலியும் கிடைக்கும்னு யோசனை சொன்னதே இந்த ஐயம்பெருமாள்தான்.

– நல்ல யோசனைதான். எம் மவன் பேரைக் கோயில் வாசல்ல வச்சு வாசிச்சிய. தலையில கதிர்க்கட்டோட நின்னேன். மண்ணுக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு. ஆனா பத்து நாளா அவன் ஒரு மணி நெல்லைத் தொடலை.

– பின்ன எடுத்தது யாரு?

– அதைத்தான் பிரி சொல்லுதே. சின்னப் பிள்ளையிலருந்து கட்டுக் கட்டுதவ நான். ஊரு பூரா வலமுறுக்கு. இது இடமுறுக்கு. நம்ம சீவலப்பேரியில பீச்சாங்கையால பிரி முறுக்குதது யாரு?

– நாந்தான்.

– நீங்க மட்டுமா?

– நாந்தான்னு சொல்லுதேன்லா! நாந்தான் எடுத்தேன். முன்சீப்புகிட்ட வந்து அப்படியே சொல்லுதேன். உம் மவனை விட்டுருவாவ.

– இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிய. இந்தக் கட்டைத் தூக்கிக்கிட்டு களத்து வாய்க்காலைத் தாண்டினியளாக்கும்? கேட்டா ஊரே சிரிக்கும்.

– சிரிச்சிட்டுப் போட்டும்.

– உங்க மவன் நாறும்பூவுக்கும் பீச்சாங்கைதான?

– ஏ பிள்ள, பைய பேசு. உள்ள அவன் அம்மை இருக்கா.

– போன அறுப்புல எம் மவன்கூடச் சேந்து களவாக் கதிர் அறுத்ததும் அவந்தான. உங்களுக்குத் தெரியாதா?

– தெரியும். காவலுக்குப் பேர் ஜாபிதா எழுதுத அன்னைக்கு முன்சீப்பு கேட்டாரு, "உம்ம வீட்டுல அப்படி யாரும் உண்டா வே?"ன்னு. "நான் அப்படி வளக்கலை"ன்னுட்டேன். உம் மவன் பேரை எழுதச் சொன்ன அதே வாயால. சாயங்காலம் நாறும்பூ வந்து என்னமோ கேட்டான். முழுசாக் கேக்காமலே கன்னத்துல அறைஞ்சேன். அன்னையிலருந்து எங்கிட்ட பேசுததில்ல. மேல்துண்டை எடுத்துட்டு வாரேன், பாலம்மா. முன்சீப்பு வீட்டுக்குப் போவோம். திருடன் நாந்தான்.

– போகாண்டாம்.

– ஏன்?

– நீங்க என்ன சொல்லுவியன்னு பாக்கத்தான் வந்தேன். விடியவே இந்தக் கட்டை எங்க வாசல்ல கொண்டாந்து போட்டது நாறும்பூதான். இப்பம் முன்சீப்பு வீட்டு முன்னால நிக்கான், "ஜாபிதாவுல எம் பேரை எங்கய்யா விட்டுட்டாவ, அதையும் காவலுக்கு எழுதிக்கிடுங்க"ன்னு.