டன்மோரை ஜெயித்த அன்று பட்டம் யாரிடம்?

"ஹலோ... ஹலோ, ப்ரூயிட் சாரா? நான்தாங்க, ஆர்லோ. நெப்ராஸ்காலேர்ந்து... ஆமா, ஆமா, அதே ஆர்லோதான். வெச்சுடாதீங்க சார்! இன்னிக்கு ஒரு முடிவு தெரியாம விடமாட்டேன்."

ஆர்லோ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்தினார். உள்ளே மனைவி ஜாய்ஸ் இருந்தாள். அவள் காதில் விழுந்தால், எதிர்வீட்டில் இருக்கும் அவள் அண்ணன் லைல் காதில் விழுந்த மாதிரிதான்.

"எந்தச் சங்கமும் முத்திரை குத்தாத சாம்பியன் பட்டம்னு எனக்கும் தெரியும் சார். முதல் காலேஜ் ஃபுட்பால் ஆட்டத்துல ஜெயிச்சவன்கிட்ட ஆரம்பிச்சு, அவனை அடிச்சவன், இவனை அடிச்சவன்னு கை மாறி வருது... இணையத்துல அந்தச் சங்கிலியைக் கோக்கறது நீங்கதானே? அப்ப உங்களைத்தானே கேக்க முடியும்?

"எழுபத்திநாலாம் வருஷம் சார். பட்டம் டன்மோர் காலேஜ்கிட்ட. கடைசிப் பாஸை நான்தான் கையில பிடிச்சேன், கோட்டைத் தாண்டி விழுந்தேன், ஜெயிச்சோம்... ஆமா, நான் கல்லு பாறைப் பாடத்துல ஃபெயில்னு அப்புறம்தான் தெரிஞ்சது. தகுதியில்லாதவன் ஆடிட்டான்னு ஜெயிச்ச ஆட்டத்தைத் தூக்கி டன்மோருக்கே குடுத்துட்டாங்க... சரி, சரி, ஃபெயில்தான். அதுக்காக நான் பந்து பிடிச்சது பொய்யாயிடுமா?

"வர்ற சனிக்கிழமை எங்க பழைய டீமை மைதானத்துல நிக்க வெக்கறாங்க. மைக் யார் கையில தெரியுமா? என் மச்சான் லைல் கையில. வருஷா வருஷம் நன்றித் திருநாள் விருந்துல, 'பட்டத்தைத் தின்னவனுக்கு வான்கோழி எதுக்கு'ன்னு கேப்பான் சார். பேரப் பிள்ளைங்க முன்னாடி. வலிக்குது சார்.

"... என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க... மைதானத்துல நடந்ததுதான் செல்லுமா? மேஜையில உக்காந்து மாத்தினது செல்லாதா? அட, இதைத்தானே சார் நான் நாலு மாசமா கரடியா கத்தறேன்!

"... இருங்க, இருங்க. எல்லாருக்கும் அதே விதின்னா?... காலவே காலேஜா? அவங்க எங்க இதுல வந்தாங்க?... முந்தின வருஷம் டன்மோரை அடிச்சாங்க, சரி... அதையும் மேஜையில மாத்தினாங்களா? அப்ப நாங்க அடிச்ச அன்னிக்கு டன்மோர்கிட்ட பட்டமே இல்லையா? என்ன சார், விளையாடறீங்களா?"

ஆர்லோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாதக்கணக்கில் வாதாடி வாங்கிய விதியே காலை வாரிவிட்டது.

"ம்... ம்... சரி, காலவே அப்புறம் யார்கிட்ட தோத்தாங்க?... எங்ககிட்டயா? எப்ப?... டன்மோர் ஆட்டத்துக்கு முந்தின வாரமா? ஓ, அந்தச் சேத்து ஆட்டம்! பார்க்க வந்ததே நாலு பேரும் ஒரு நாயும். ஒரே ஒரு உதையில மூணுக்கு சைபர்... அப்ப பட்டம் ஏற்கெனவே எங்ககிட்ட வந்தாச்சு! நான் பிடிச்சது அதைக் காப்பாத்தின பந்து! நான் தொலைக்கலை... ஜாய்ஸ்! ஏ ஜாய்ஸ்! நான் தொலைக்கலைடி!

"... என்ன கேட்டீங்க? அந்த மூணு புள்ளியை உதைச்சது யாரா?"

ஆர்லோ எழுந்து ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தார். சேற்றோடு சேறாக நின்று அந்தப் பந்தை உதைத்த காலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"... லைல் சார். என் மச்சான்.

"சார், ஒண்ணு கேக்கறேன். பழைய விதியே இருந்துட்டுப் போகட்டுமே... ஆமா, நான்தான் கத்தினேன், இல்லைங்கலை. நான் ஃபெயிலானவனாவே இருந்துட்டுப் போறேன் சார்! தின்னவன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன். பட்டம் வாங்கிக் குடுத்தவன்னு அவன் மார்தட்டறதை சாகற வரைக்கும் எப்படிக் கேக்கறது?... என்ன, மாத்திட்டீங்களா? பேசிக்கிட்டே இணையத்துல போட்டுட்டீங்களா? அய்யோ, எடுங்க சார், எடுங்க! நாள் முழுக்க உங்க பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் அவன்... ஹலோ? ஹலோ?"

லைன் போய்விட்டது. எதிர்வீட்டு வாசலில் நின்ற லைலின் பிக்கப் வண்டியின் ஹாரன் அலற ஆரம்பித்தது. நிற்கவேயில்லை.