இரண்டு விரல் தூரம்

அடுத்தவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட எனக்குப் பிடிக்கும். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியெல்லாம் உனக்குச் சுலபமாகப் புரியும், கண்ணு. மருத்துவமனைக் கோப்பில் வைக்க, நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றாய். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொள்.

என் வீட்டுக்காரர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் சங்கிலியும் கையுமாக ஊரார் நிலத்தை அளந்தார். வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் என் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். ஏழு பொத்தானையும் நான் கீழிருந்து மேலே போடுவேன், மெதுவாகத்தான். அந்த ஐந்து நிமிஷத்தில் மனிதர் பேசுவார் பார், கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த பேச்செல்லாம்.

பிறகு உங்கள் மருத்துவமனையில் அவர் மூளையைப் படம் பிடித்தீர்கள். எங்கே தூண்டினால் அவர் கட்டைவிரல் துடிக்கிறது என்று தேடி, வழுக்கைத் தலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாய்.

"ஆளுக்கு ஆள் இடம் மாறும்மா. இது ஐயாவுக்குன்னே கண்டுபிடிச்ச இடம். தினமும் இருபது நிமிஷம் இந்த மெஷின் பட்டையை இதுமேல வச்சு லேசா மின்சாரம் குடுங்க, அப்புறம் கைப்பயிற்சி. குளிச்சா புள்ளி மங்கும், அதுமேலயே திரும்ப வரைஞ்சிடுங்க. இந்த மாசங்களை விட்டா கை இவ்வளவு சுலபமா வராது."

பேனாவை என் கையிலேயே கொடுத்தாய். ஆள் பார்த்துத்தான் கொடுத்தாய்.

இரண்டாவது வாரம் கட்டைவிரல் அசைந்தது. மேல் பொத்தானைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னும் ரெண்டே மாசம். அப்புறம் உன் தயவே வேண்டாம்டி."

மறுநாள் தலைக்குக் குளித்துத் துடைத்ததும், புள்ளியை எள்ளளவு காதுப் பக்கம் தள்ளி வரைந்தேன். கண் மங்கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் எனக்குக் கண்ணாடி வேண்டாம், அது வேறு விஷயம்.

வாரம் இரண்டு முறை தலைக்குக் குளியல். ஒவ்வொரு முறையும் எள்ளளவு. திருட்டிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? மற்றபடி ஒரு நாள் தவறாமல் பட்டை வைத்தேன், கடிகாரம் பார்த்தேன், பயிற்சி கொடுத்தேன். என்னைப் போலப் பொறுப்பானவளை நீ பார்த்திருக்க மாட்டாய். விரல் மறுபடி அடங்கிப்போனது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது முதுகைத் தடவித் தேற்றினேன். நன்றாகவே தேற்றினேன்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

மூன்றாம் மாதம் நீ நாடாவை வைத்து அவர் தலையை அளந்தாய். உன் முகம் போன போக்கைப் பார்த்ததும் மறைக்கத் தோன்றவில்லை. உன் முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"எத்தனை விரல்?" என்றார்.

"ரெண்டு."

"எந்தப் பக்கம்?"

"காதுப் பக்கம்."

"சர்வீஸ் முழுக்க எல்லைக்கல்லை நகர்த்தினவனை எல்லாம் புடிச்சேன். ஒருத்தனுக்கும் இவ்வளவு பொறுமை இருந்ததில்ல. உன்னை எங்க இலாகாவுலயே சேர்த்து விட்டிருக்கணும்."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். வீடு வரும்வரை ஆட்டோவில் என்னை விட்டு விலகி ஓரமாக உட்கார்ந்து வந்தார்.

ஆக, செய்தது நான்தான். கண்ணைக் குறை சொல்ல முடியாது, பேனாவையும் முடியாது. அவர் கைக்கு வரவேண்டிய மாதங்களை எடுத்துக்கொண்டேன். திருப்பித் தர என்னிடம் இல்லை. இனி ஐயா தினமும் இங்கேயே வரட்டும், நீங்கள் பட்டையைத் தொடக் கூடாது என்றாய். நியாயம்தான். நானும் திருந்திவிட்டேன்.

நீ அங்கே பட்டை வைக்கத் தொடங்கிச் சில வாரம் ஆயிற்று. நேற்று அவரே வலது கையால் மூன்று பொத்தான் போட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒன்று துளை மாறியிருந்தது. அதற்காக மூன்றையும் அவிழ்த்து நான் போட்டுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சு இல்லை.

இப்போது அவருடைய சட்டைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பொத்தான் துளைகள் தொளதொளவென்று கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு தையல் போட்டுக் கொஞ்சம் இறுக்கி வைத்திருக்கிறேன். என் விரலுக்கே அழுத்தித்தான் பொத்தான் நுழைகிறது. பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்ட பிறகு தானாகக் கழன்றுவிடக் கூடாது, பார்.