பேரைப் போடாத அட்டை

ராத்திரி பதினொரு மணி. மெக்சிகோ நகரத்திலிருந்து த்லால்பான் போகிற சாலை. கடைசி டிராமும் போயாச்சு... இரண்டு பக்கமும் கற்றாழைக் காடு. தன்னந்தனியாக நடக்கிறார் எவரிஸ்தோ, நம்ம தெரு நசாரியோவின் மாமா.

அவரை நடக்கவைத்தது பேய் இல்லை, காப்பி. ஊமைப்படங்களில் பேரும் வசனமும் காட்டுகிற எழுத்து அட்டைகளை வரைகிறவர். புதுப் படத்தின் கதைத்தாள் மேலேயே குவளையைக் கவிழ்த்துவிட்டார். விடிந்தால் அட்டைகளைப் படம் பிடிக்கணும். த்லால்பானில் டைரக்டர் அன்செல்மோ வீட்டில் இன்னொரு பிரதி இருக்கும்.

கிட்ட நகர்ந்து உட்காருங்கப்பா, கணப்புக் கரி அணையப் போகுது.

அன்செல்மோ எடுத்த படம் அத்தனைக்கும் கதை எழுதினது அவர் மனைவி எர்லிந்தா. அட்டையில் பேர் மட்டும் புருஷனுடையது. நெஞ்சுநோயில் கிடந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அடுத்த படத்துலயாவது என் பேரைப் போடுங்க." மாதா மேல் சத்தியம் பண்ணினார். எவரிஸ்தோவும் பக்கத்தில்தான் நின்றார். தவக்காலத்தில் அவளை அடக்கம் பண்ணினார்கள். புதுப் படத்துக்கு வந்த உத்தரவு: 'கதை, அன்செல்மோ.'

வீட்டு வாசலிலேயே சத்தம் கேட்டது. டக்... டக்டக்... டிங். டைப்ரைட்டர். நோயாளி அறையின் யூகலிப்டஸ் ஆவி வாசனை வேறு. கதவைத் திறந்த அன்செல்மோ வந்த விஷயத்தைக் கேட்டுச் சலித்துக்கொண்டார்.

"கவிழ்த்துட்டியா? அந்த நடுக்கக் கையை வச்சுக்கிட்டு எப்படிடா எழுத்து வரையுறே?"

"தூரிகை பிடிச்சா நிக்குதுங்க ஐயா. குவளைகிட்டதான் வம்பு பண்ணுது... உள்ளே யாருங்க?"

"எலி."

டிங்.

"எலி வரி மாத்துதுங்களே ஐயா."

"மருமகன் பழகுறான்."

உள்ளே யாரோ இருமினார்கள். அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல்... எவரிஸ்தோவுக்குத் தெரிந்த இருமல். அறைக்கதவில் வெளிப்பக்கம் பூட்டு. புத்தம்புதுசு.

கதவிடுக்கு வழியாக ஒரு கதைத்தாள் மெதுவாக நழுவி வந்தது. அன்செல்மோ குனிந்து எடுத்தார், மையை ஊதினார், நீட்டினார். தாள் கிணற்றுக்குள் கிடந்ததுபோல் சில்லென்று இருந்தது.

எவரிஸ்தோ அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"எர்லிந்தா அம்மாதானே ஐயா?"

டைரக்டர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"அவதான். வேற யாருக்கு இப்படி எழுத வரும்?"

"அப்ப... இந்தப் படத்துலயாவது அவங்க பேரைப் போட்டுடட்டுமா? அதுக்காகத்தானே வந்திருக்காங்க."

உள்ளே சத்தம் நின்றது. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கேட்கிற மாதிரி... அவ்வளவு கிட்டத்தில் மூச்சு.

அன்செல்மோ எவரிஸ்தோவின் காதோரம் குனிந்தார்.

"பேரைப் போட்டா அவ போயிடுவாடா."