வலது பக்கம் இரண்டு தரம்

ஜெல் போத்தலை நான் எப்போதும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுத்துத்தான் பாவிப்பேன். கழுத்துத் தோல் மெல்லியது. குளிர் பட்டால் வயதானவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். எங்கள் ஸ்கான் நிலையத்தில் என்னைத் தவிர வேறு எவரும் இந்தச் சிரமத்தை எடுப்பதில்லை. அல்பிரட் மாமாவுக்கும் அன்று அப்படித்தான் பூசினேன். இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அகஸ்ரினாவாகிய நான் கவனமில்லாமல் வேலை செய்தவள் என்று உங்கள் அறிக்கையில் வந்துவிடக் கூடாது. நடந்தது கவலையீனம் அல்ல.

ஐயா, விசாரிக்க வந்த அன்று, நீங்கள் மருத்துவம் படித்தவர் இல்லை என்று சொன்னீர்கள். ஆகவே விளங்கும்படி எழுதுகிறேன். கழுத்தின் இரு பக்கத்தாலும் மூளைக்கு இரத்தம் ஏற்றுகிற பெரிய குழாய்கள் இரண்டு உண்டு. வயது போகப்போக அவற்றின் உள்சுவரில் கொழுப்புப் படியும். படிந்ததில் ஒரு துணுக்கு உடைந்து மேலே போனால் பாரிசவாதம். இடது பக்கத்தால் போனால் பெரும்பாலும் வலது கையோடு பேச்சும் போய்விடும். இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. கழுத்தை வெட்டிக் குழாயைத் திறந்து, படிந்ததை வழித்தெடுத்துத் தைப்பார்கள். இல்லாவிட்டால் தொடையால் மெல்லிய கம்பியொன்றை விட்டு, அடைத்த இடத்தில் சிறிய வலைக்குழாய் ஒன்றை விரித்து வைப்பார்கள். விரிக்கும்போது உடைகிற துணுக்குகள் மூளைக்குப் போகாமல் பிடிப்பதற்கு மேலே ஒரு குடையையும் விரிப்பார்கள். கொழும்பில் பயிற்சிக்குப் போனபோது அந்தக் குடையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மிளகளவுதான் இருக்கும். மனிதர்கள் மற்றவருடைய உயிருக்காக இவ்வளவு பாடுபடுகிறார்களே என்று நினைத்து அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அல்பிரட் மாமா எனக்கு இரத்த உறவு இல்லை. தலைமன்னாரில் வள்ளம் ஓட்டியவர். இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பத் தொடங்கியபோது ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றிப் போனவர்களில் ஒருவர். என்னைக் கொண்டுபோனதும் அவர்தான். மனைவி இறந்து, மகன் றொட்னி இத்தாலிக்குப் போன பிறகு, தோட்டவெளியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்தார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். மீன் தலை யாருக்கு என்று அவரும் என் கணவர் சுஜீவனும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை பிடிப்பார்கள். எனக்கும் அவரில் நல்ல விருப்பம். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன தை மாதம் கிளினிக்கில் டொக்டர் அவருடைய கழுத்தில் காதுக்குழாயை வைத்துக் கேட்டபோது ஏதோ இரைந்திருக்கிறது. ஸ்கான் எடுக்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார். எங்கள் நிலையத்தில் படத்தை எடுப்பவள் நான். வியாழக்கிழமைகளில் வெளியூரிலிருந்து வரும் வைத்தியர் படங்களைப் பார்த்து அறிக்கையில் கையெழுத்து வைப்பார். எந்தப் படம் வலது, எந்தப் படம் இடது என்று எழுதுவதும் நான்தான்.

வலது பக்கம் பரவாயில்லை, வயதுக்குரிய படிவுதான். இடது பக்கம் கருவியை வைத்ததும் திரையில் நிறங்கள் சிதறின, இரத்தம் ஓடுகிற ஒலி சீறலாக வந்தது. எண்பது வீதத்துக்கு மேல் அடைப்பு. படிவும் இறுகாத வகை, எப்போதும் உடையலாம்.

"என்ன பிள்ளை, ஏதும் கிடக்கோ?"

"பொறுங்கோ மாமா. பாத்துக்கொண்டிருக்கிறன்."

"வெட்ட வேணுமெண்டா வெட்டட்டும். எனக்குப் பயமில்லை. ஆனா மேசையில ஏற முன்னம் சுஜீவனிட்ட ஒரு விசயம் சொல்லி மன்னிப்புக் கேக்க வேணும். அதைச் சுமந்துகொண்டு போய் மயக்க ஊசி போட ஏலாது."

எங்கள் ஆட்களிடம் அப்படியொரு வழக்கம். ஒப்பரேசன் என்றால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது மட்டும் போதாது. யாருக்குக் குற்றம் செய்தோமோ அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்று, சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். குடலிறக்கத்துக்கு வெட்டப் போன ஒருவர் முப்பது வருடப் பகையை அப்படித்தான் முடித்தார். பிழைத்து வந்து அதைத் திரும்பத் தொடங்கினார் என்பது வேறு கதை.

என்ன விசயம் என்று நான் அல்பிரட் மாமாவிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். ஜெனிஸ்ரா. சுஜீவனுக்கும் அவளுக்கும் கலியாணம் முற்றாகி, கோயிலில் மூன்று ஞாயிறும் அறிவித்தல் வாசித்தாகிவிட்டது. அதற்கிடையில் சண்டை வந்து சுஜீவன் முதலில் இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்குப் போனார். ஆவணியில் அக்காவும் நானும் புறப்பட்டோம். விடிகிற நேரம் தூரத்தில் ரோந்துப் படகு தெரிந்ததால், அல்பிரட் மாமா எங்களை நடுக்கடலில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டார். ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்றைத் தந்து, மத்தியானம் வாறன் என்று சொல்லிப் போனார். அக்காவுக்குக் காய்ச்சல். திட்டின் மறுபக்கத்தில் ஒரு உடைந்த வள்ளம் கிடந்தது. அந்தப் பலகை நிழலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

சொன்னபடி மத்தியானம் அவர் வந்தார். "அக்கா எங்க?" என்று கேட்டார். காலையில் ஒரு இந்திய வள்ளம் வந்தது, அதில் போய்விட்டாள் என்றேன். அந்த நாட்களில் அப்படி நடப்பதுதான், அவர் நம்பினார். மண்டபத்தில் சுஜீவனிடம், வள்ளத்தில் ஏறும்போது அக்காவை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றேன். அவரும் நம்பினார். இரண்டு வருடம் கழித்து என்னைக் கட்டினார். பிழைத்தவள் என்று என்னை அவ்வளவு பட்சமாக வைத்திருந்தார். முகாமிலிருந்தபடியே மதுரையில் ஸ்கான் படிப்புப் படிப்பித்ததும் அவர்தான்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தவறாக நினைக்கக்கூடும். நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. தூங்கினவளை எழுப்பவில்லை, அவ்வளவுதான். பின்னால் வேறொரு வள்ளம் வந்து ஏற்றும் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் நாள் முழுவதும் வள்ளங்கள் போய்வந்தபடி இருந்தன.

நான்கு நாள் கழித்து அல்பிரட் மாமா வேறு ஆட்களோடு அந்தத் திட்டுக்குப் போயிருக்கிறார். அவளைக் கண்டு, அங்கேயே மணலில் புதைத்து, வள்ளப் பலகையில் சிலுவை கட்டி நட்டிருக்கிறார். நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது என்னைத் தனியே கூப்பிட்டு அழுதழுது சொன்னார். "திட்டைச் சுத்தி ஒருக்காப் பாத்திருக்க வேணும் பிள்ளை. பாக்காமல் விட்டது என்ர பிழை. நான் தந்த கானையும் அங்க காணேல்ல. தண்ணியில்லாமல்தான் செத்திருக்கிறாள்." நானும் அழுதேன். இந்திய வள்ளத்தில் ஏறப்போனவள் காய்ச்சலில் ஏறாமல் திரும்பி நடந்து வந்திருப்பாள், நான் பார்க்காமல் போய்விட்டேன் என்றேன். கானைக் கடல் இழுத்திருக்கும் என்றேன். சுஜீவனிடம் சொல்ல வேண்டாம், அவர் தாங்கமாட்டார் என்றேன். அந்த மனிதன் எல்லாக் குற்றத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, அந்தப் பயணத்தைப் பற்றி சுஜீவனிடம் வாயே திறக்காமல் பத்து வருடமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

இப்போது உங்களுக்கு விளங்கும். வெட்ட வேண்டும் என்று அறிக்கை வந்தால் அவர் எங்கள் முற்றத்துக்கு வந்து நிற்பார். கடல் இழுத்த பெண்ணைத் திட்டில் எப்படிப் புதைத்தீர்கள் என்று சுஜீவன் கேட்பார். ஒரு கேள்விதான். என் வீடு, என் கலியாணம் எல்லாம் அதோடு முடிந்துவிடும்.

ஆகவே கருவியைத் திரும்பவும் வலது பக்கத்துக்குக் கொண்டுபோனேன். கோணத்தைச் சற்று மாற்றி இன்னொரு தரம் எடுத்தேன். அந்தப் படத்தின் மேல் 'இடது' என்று எழுதினேன். உண்மையான இடது படங்களை அழித்தேன். பிறகு கடதாசியால் அவருடைய கழுத்தைத் துடைத்துவிட்டேன்.

"ஒண்டுமில்லை மாமா. வயசுக்கு நல்ல கழுத்து."

"அப்ப வெட்டத் தேவையில்லையோ?"

"தேவையில்லை."

அவருக்குச் சந்தோசம்தான். "அப்ப சுஜீவனிட்ட இப்ப ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சாகிற காலத்தில பாத்துக்கொள்ளுவம்" என்று சிரித்தார். அன்று மாலை எங்களுக்கு ஒரு பை நண்டு கொண்டுவந்து தந்தார்.

அவர் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மாசியில் அவருடைய வலது கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை தானாக விழுந்தது. ஐந்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டது. இன்னொரு நாள் இடது கண்ணில் திரை விழுந்த மாதிரி இருந்தது என்று சொல்லி வந்தார். இவை எல்லாம் முன்னறிவிப்புகள். ஆஸ்பத்திரிக்குப் போவதை விட்டு என்னிடம்தான் வந்தார், ஸ்கான் பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள் என்ற நம்பிக்கையில். வெயில் என்றேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பசாம் பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல். கர்த்தர் சிலுவை சுமக்கிற இடத்தில் அவருடைய சொற்கள் குழம்பின. இராகம் சரியாக வந்தது, சொல் மட்டும் சொல்லாக இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்துத் தாங்களும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது மனதில் பட்டது. இவர் சாகத் தேவையில்லை. பேச்சு மட்டும் போனால் போதும். அந்த நினைப்பு வந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. அன்றிலிருந்து அவருக்கு இன்னும் அன்பாகச் சமைத்தேன்.

பாஸ்கா முடிந்து இரண்டாம் சனிக்கிழமை, சுஜீவன் கடலுக்குப் போயிருந்தார். அல்பிரட் மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலது கையிலிருந்த சோறு மடியில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. என்னைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தேன், ஒன்று ஐந்து.

மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பயன். அவரைப் பாயில் கிடத்தி, தலைக்குத் தலையணை வைத்தேன். கோப்பைகளைக் கழுவினேன். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு செபமாலை சொன்னேன். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார், வரவில்லை. வாயால் வடிந்ததை இரண்டு மூன்று தரம் துடைத்துவிட்டேன். ஆறு மணிக்கு அம்புலன்சுக்கு அடித்து, சாப்பிட்டுத் தூங்கியவர் இப்போதுதான் இப்படி எழும்பினார் என்றேன். இதிலும் நான் அவரை ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் திரும்ப ஸ்கான் எடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் நல்லாயிருந்த கழுத்தில் எப்படி இவ்வளவு அடைப்பு என்று பழைய படங்களைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வலது, இடது என்று நான் எழுதிய இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் ஒரே சுண்ணாம்புப் புள்ளி. அதுதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த டொக்டர் கெட்டிக்காரர், என் பாராட்டைச் சொல்லுங்கள்.

அதற்கு முன் வார்ட்டில் நடந்ததையும் எழுத வேண்டும். அல்பிரட் மாமாவின் பேச்சு நான் எதிர்பார்த்தபடி போய்விட்டது. ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. இந்த நோயில் சிலருக்கு அப்படி நடக்கும். எதைக் கேட்டாலும் அந்தச் சொல்தான் வரும்.

"தண்ணி வேணுமோ மாமா?" என்று சுஜீவன் கேட்டார்.

"ஜெனிஸ்ரா."

"தலை நோகுதோ?"

"ஜெனிஸ்ரா."

அது தற்செயலாக மிஞ்சிய சொல், அர்த்தமில்லை என்று சுஜீவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஜெனிஸ்ரா எங்க மாமா?"

அல்பிரட் மாமா கையை விடுவித்துக்கொண்டார். படுக்கை விரிப்பை ஒரு பக்கமாகக் குவித்து, நீளமாக மேடு செய்து, மேலே தட்டினார். பிறகு இரண்டு விரலால் ஒரு சிலுவை வரைந்தார். பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிக்கிற மாதிரிக் காட்டி, வெறும் கையை விரித்தார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. பாவம், அப்போதும் தான்தான் குற்றவாளி என்று நினைத்து சுஜீவனைக் கும்பிட ஒரு கையால் முயன்றார்.

சுஜீவன் அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்டைக்குத் தண்ணி ஆரிட்ட இருந்தது?"

நான் குவிந்த விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அவர் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. உங்களுக்குச் சொல்வதில் இனி நட்டமில்லை. அன்று மத்தியானம் அல்பிரட் மாமாவின் வள்ளம் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்ததுமே கானை என் துணிப்பைக்குள் வைத்து, மேலே அக்காவின் சேலை ஒன்றைப் போட்டு மூடினேன். கானில் பாதிக்கு மேல் இருந்தது. கரை சேரும்வரை எனக்குத் தாகம் எடுக்கவில்லை.