நடுவில் வைத்த சீட்டு

அன்பாலும் அயராத உழைப்பாலும் எங்களை ஆண்ட அக்காவே! அடித்தளத்து அறையில் அமர்ந்து ஆறு மாடி மருத்துவமனையின் அறுவை அரங்குகள் அனைத்தையும் காத்த அருந்தகையே! கத்திக்கும் கத்தரிக்கும் இடுக்கிக்கும் காவலாய் நின்ற கிருமிநீக்கப் பிரிவின் பொறுப்பாளரே! முப்பத்து நான்கு ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்!

இங்கே கூடியிருப்போரில் பலர் நம் அறையைப் பார்த்ததில்லை. அழுக்கான கருவிகள் ஒரு சன்னல் வழியே வரும். கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்தில் ஏற்றி, மறு சன்னல் வழியே மேலே அனுப்புவோம். ஒவ்வொரு கட்டின் நடுவிலும் விரல் நீளச் சீட்டு ஒன்று இருக்கும். நீராவி உள்வரை போனால் சீட்டு கறுக்கும். போகாவிட்டால் வெள்ளையாகவே கிடக்கும். அதை நாம் பார்க்க முடியாது. அரங்கில் கட்டைப் பிரிக்கிறவர்தான் பார்ப்பார்.

ஈரம் தட்டிய கட்டை எத்தனை பெரிய மருத்துவர் கேட்டும் கொடுக்காத கண்டிப்பு, தவறு செய்தவரைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொல்லும் தன்மை, அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்கும் பண்பு என்று உங்கள் நற்குணங்களை மாலை வரை அடுக்கலாம். ஆனால் நாங்கள் சொல்ல விரும்புவது எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு முற்பகலைப் பற்றித்தான். அதை, நம் நீராவி இயந்திரத்தை இயக்குபவர் பார்த்த விதமாகவே சொல்கிறோம்.

எந்நேரமும் அழுத்தமானியின் முள்ளையே முறைத்துக்கொண்டிருப்பதால் அவருக்குப் 'பிரஷர்' என்று பெயர். பணியில் உங்களைவிட மூன்று மாதம் மூத்தவர். ஆனாலும் உங்களை அக்கா என்றுதான் அழைப்பார். ஒன்பது வயது மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். வேலை தொடங்குமுன் நீங்கள் தலைகுனிந்து ஜெபிக்கும் அந்த ஒரு நிமிடம், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அழுத்தமானியின் கண்ணாடியைத் துடைப்பார். கேட்டால், "எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல" என்பார்.

அந்த ஆண்டுதான் உங்கள் கணவருக்குக் குரல்வளையில் புற்று என்று தெரிந்தது. ஆலயத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர். உயிர் வேண்டுமென்றால் குரலை விட வேண்டும் என்றார்கள். துணி அடுக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் அழுததும், ஆண்டவரோடு சண்டை போட்டதும் எங்களுக்குக் கேட்டது. அப்புறம் முகம் கழுவி வந்து வேலையைத் தொடர்ந்தீர்கள். உங்கள் சபையிலிருந்து ஆறுதல் சொல்ல வந்த பெரியம்மா, "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருந்தா கத்தி வைக்க வேண்டி வந்திருக்காதும்மா" என்றார். நீங்களோ, "ஜெபிச்சதாலதான் பெரியம்மா, கத்தி வைக்கத் தெரிஞ்ச டாக்டர் கிடைச்சிருக்கார். டீ ஆறுது, குடிங்க" என்றீர்கள்.

அந்த மருத்துவர் மாதத்தில் ஒருநாள் மட்டும் வருபவர். அந்த அறுவைக்கான கருவிகளும் ஒரே ஒரு தொகுதிதான் இருந்தன. நீங்கள் விடுப்பில், அரங்கின் வாசலில். கீழே நாங்கள். நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் உங்கள் கணவருக்கான கட்டு அல்லவா! இரண்டு சுற்றுத் துணி போதும். நாங்கள் நான்கு சுற்றினோம். ஆளுக்கொரு முடிச்சு போட்டோம். இடைவெளி இல்லாமல் துணி திணித்தோம். இயந்திரத்தை ஓட்டியவர் பிரஷர்.

பத்தரை மணிக்கு மேலேயிருந்து அழைப்பு வந்தது. சீட்டு வெள்ளை! எங்கள் அன்பு நீராவிக்கு வழி விடவில்லை. மதியம் ஒரு மணிக்குள் சரியான கட்டு வந்தால் செய்வதாகவும், இல்லையென்றால் அடுத்த மாதம்தான் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வரை புற்று பொறுத்திருக்குமா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

உங்களிடம் சொல்லப் போனவர் பிரஷர். படிகளில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாராம்.

"அக்கா, கெடுத்துட்டோம். நாலு சுத்து சுத்திட்டோம்."

நீங்கள் அவரையே பார்த்தீர்கள். திட்டினால்கூடத் தேவலை என்று நினைத்தாராம். "நாலா? அவரு என்னய்யா கல்யாணப் பொண்ணா, இப்படிச் சுத்தி வைக்க?" என்று கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். "வாங்க, நானே கட்டுறேன்."

இரண்டே சுற்று. தளர்வான மடிப்பு. வழக்கமாக ஒரு சீட்டு வைக்கும் இடத்தில் அன்று இரண்டு வைத்தீர்கள்.

பிரஷருக்கு வாய் சும்மா இருக்காதே! "நம்பிக்கை இருக்கிறவங்க ரெண்டு வைப்பாங்களா?"

"கை நடுங்குதுல்ல. அதுக்கு ஒண்ணு."

இயந்திரம் ஓடிய நேரமெல்லாம் இருவரும் அதன் முன் அமர்ந்திருந்தீர்கள். அவர் அத்தனை வருடம் அடக்கி வைத்ததைக் கேட்டார். "இவ்ளோ ஜெபம் பண்ணீங்களே அக்கா, இதுதானா பதில்? என் பொண்ணுக்கும்தான் பண்ணேன்."

நீங்கள் வசனம் எதையும் சொல்லவில்லை. "உங்க பொண்ணுக்கு ஏன்னு எனக்குத் தெரியாது. இவருக்கு ஏன்னும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினா அது பொய்" என்றீர்கள். பிறகு இயந்திரத்தின் கதவைக் காட்டி, "நடுவுல இருக்கிற சீட்டை என்னிக்காவது பாத்திருக்கோமா? நம்ம வேலையை ஒழுங்கா செஞ்சிட்டு மேல அனுப்பிடுறோம். பிரிக்கிறவர் பாத்துக்குவார். என் மனசுக்குள்ள எவ்ளோ போயிருக்கு, எவ்ளோ போகலன்னு எனக்கே தெரியல. அவருக்குத் தெரியும். அது போதும்னு உக்காந்திருக்கேன்" என்றீர்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கட்டு மேலே போனது. நீங்கள் மறுபடி வாசலில் போய் அமர்ந்தீர்கள். அறுவை நடந்தது. அண்ணன் பிழைத்தார். குரல் திரும்பவில்லை, திரும்பும் என்று நீங்கள் எவரிடமும் சொன்னதுமில்லை. ஆலயத்தில் இப்போது அவர் முன் இருக்கையின் பலகையில் விரலால் தட்டித் தாளம் கொடுக்கிறார். சபை அந்தத் தாளத்துக்குப் பாடுகிறது. இதோ, இந்த மண்டபத்தின் முதல் வரிசையிலும் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்!

அன்று வைத்த இரண்டு சீட்டில் ஒன்று அண்ணனின் கோப்பில் ஒட்டப்பட்டது. மற்றதை அரங்கத் தாதி பிரஷரிடம் கொடுத்தார். எட்டு ஆண்டுகளில் ஒருமுறையும் நீங்கள் அதைக் கேட்கவில்லை. மடங்காமல் இருக்க அவர் அதை மகளின் வேதாகமத்துக்குள் வைத்தார். மகள் போனபின் யாரும் தொடாத புத்தகம் அது. சீட்டைப் பார்க்க நினைத்தபோதெல்லாம் அதைத் திறக்க வேண்டியிருந்தது. இப்போது சீட்டு இல்லாமலும் திறக்கிறார். "பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டால், "சண்டைதான் போடுறேன். அதுவும் பேச்சுதானே" என்கிறார்.

எங்கள் அக்காவே! இதுவரை உங்களை நடத்திய கர்த்தர் இனியும் நடத்துவாராக! படியேறும்போது உங்கள் முழங்கால் வலிக்காதிருக்கட்டும். அண்ணனின் விரல் தாளம் நெடுநாள் உங்கள் காதில் ஒலிக்கட்டும். வெயில் எட்டாத அறையில் கழிந்த காலைகளுக்கு ஈடாக, வெளிச்சம் நிறைந்த காலைகள் பல்லாண்டு உங்களுக்கு வாய்க்கட்டும்!

இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள், வலது மூலையில், நீங்கள் பார்க்காமலே நம்பி மேலே அனுப்பிய அந்தச் சீட்டை வைத்திருக்கிறோம். பிரஷர்தான் கொடுத்தார், தனக்கு இனி அது தேவையில்லையாம்.

பாருங்கள் அக்கா. முழுவதும் கறுத்திருக்கிறது.

என்றும் உங்கள் அன்பில்,
அடித்தளத்து அறையிலிருந்து,
கிருமிநீக்கப் பிரிவின் பணியாளர்கள்