கிளட்ச் பல்லுக்கு வைத்த கிரீஸ்

எல்லா கிரீஸும் ஒன்றுதான் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, அய்யா. பாதி மெக்கானிக்குகளே அப்படித்தான் நினைக்கிறார்கள். கடையில் ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஒரு குச்சி, எதற்கும் அதுவே. வண்டி ஓடத்தான் செய்யும். எத்தனை நாள் ஓடும் என்பதுதான் கேள்வி.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். என் தம்பியின் வண்டிக்குச் செயின் கிடையாது. ஓர் இரும்புத் தண்டுதான் எஞ்சினின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும். தண்டின் முனையில் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். இன்னொரு பல்லுக்குள் செருகி நிற்கும். அங்கே கெட்டியான கறுப்பு கிரீஸைத் தாராளமாகப் பூசலாம். கிளட்ச்சுக்குள்ளும் அதேபோல் பல் உண்டு. அங்கே கை அடங்க வேண்டும். பழைய டூத்பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் தடவி, மிச்சத்தைத் துணியால் வழித்துவிட வேண்டும். கூடிப்போனால் சுழலும்போது சிதறிப் பக்கத்திலிருக்கும் கிளட்ச் தட்டில் படும். தட்டு வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி போகாது.

அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு மூன்று. ஒரு கையில் அவன், ஒரு கையில் ஸ்பேனர், அப்படித்தான் தொழில் கற்றேன். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "ஏற்கெனவே ஒருத்தனைக் கட்டி மேய்க்கிறேன், இன்னொண்ணு எதுக்கு?" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவன் படித்தான். நிலம் அளக்கும் வேலையில் சேர்ந்தான். கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண், ஒரு குறை சொல்ல முடியாது. நகரத்தின் அந்தக் கோடியில் மாடியில் வீடு பிடித்தார்கள். முதலில் வாரம் ஒருமுறை வந்தான். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு போனில் "வரேன்ண்ணா, வரேன்" என்ற குரல் மட்டும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கம் கரகரவென்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தான். கழற்றினால் தண்டுப் பல் வறண்டு, செங்கல் பொடி மாதிரித் துரு கொட்டியது. வேலை நாள் முழுக்க இழுத்தது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, போல்ட்டுகளைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டே ஆபீஸ் கதையெல்லாம் சொன்னான். மத்தியானம் என் பாயில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மூன்று வயதிலும் அப்படித்தான் தூங்குவான்.

அன்று மாலை, கறுப்பு டப்பாவைக் கையில் எடுத்தவன் திரும்ப அலமாரியில் வைத்தேன். பக்கத்திலிருந்த மஞ்சள் கிரீஸைப் பூசினேன். இரண்டு, மூன்று மாதத்தில் வழிந்து வறண்டுவிடும் சரக்கு. நினைத்தபடியே வண்டி திரும்பி வந்தது. கூடவே அவனும் வந்தான். இப்படி நான்கு தடவை.

"என்னண்ணா, இந்த வண்டிக்கு உன்மேல ரொம்பத்தான் பாசம்" என்றான் ஒருமுறை.

"வண்டிக்காவது இருக்கே" என்றேன்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், அய்யா? இரும்பு கொஞ்சம் தேய்ந்தது. அவ்வளவுதான்.

பிறகு மலைக்கு அப்பால் மாற்றல் வந்தது. அவனே கேட்டு வாங்கிய மாற்றல் என்று அந்தப் பெண் வாய்தவறிச் சொன்னாள். வீட்டுச் சாமான்களை லாரியில் முன்னால் அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் வண்டியில் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வண்டியை என்னிடம் விட்டான்.

"அண்ணா, இந்தத் தடவை கிளட்சையும் பிரிச்சு நல்லா பண்ணிடு. இனிமே நெனைச்சப்ப எல்லாம் ஓடி வர முடியாது."

சரி என்றேன். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பல்லைத் துடைத்தேன். அதன்மேல் மஞ்சள் கிரீஸை இரண்டு விரலால் அள்ளி வைத்தேன். வழித்துவிடவில்லை. ஊர் எல்லையில் ஒரு மேம்பாலம் இருக்கிறதல்லவா, இரண்டு பேர் பாரத்தோடு அதில் ஏறும்போதே தட்டு வழுக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஓரமாக நிறுத்துவான், எனக்குப் போன் செய்வான். வேன் கொண்டுபோய் ஏற்றி வருவேன். புதுத் தட்டு வருவதற்குப் பத்து நாளாவது ஆகும். கட்டிலுக்குத் துவைத்த விரிப்புப் போட்டேன். மூன்று பேருக்குச் சமைத்தேன்.

அன்று பார்த்துத் தூறல். குளிரில் கிரீஸ் சீக்கிரம் இளகவில்லை. மேம்பாலத்தைத் தாண்டி, மலையேறி, மூன்றாவது வளைவுவரை வண்டி போய்விட்டது. அங்கே ஒரு மரலாரியை முந்தப் போனான். பாதி முந்தியபோது எஞ்சின் கத்தியது, வண்டி போகவில்லை. எதிரில் பஸ்.

போன் அடித்தபோது நான் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன்.

அந்தப் பெண் புதரில் விழுந்து, தோள் எலும்பு முறிந்து பிழைத்தாள். அவளைப் பெற்றவள் நடமாட முடியாதவள். அதனால் நான்தான் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பத்து நாள் பேசவில்லை. பிறகு ஒரு காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான்தான் மாமா முந்தச் சொன்னேன். லாரிப் புகை கண்ணெரியுதுன்னு அவசரப்படுத்தினேன். கொஞ்சம் முன்னாடியே வண்டி ஒரு மாதிரி இரைஞ்சுது. பயமா இருக்குங்கன்னேன். 'எங்க அண்ணன் கை வெச்ச வண்டி, ஒண்ணும் ஆகாது'ன்னு சிரிச்சார்."

"அப்படியெல்லாம் நினைக்காதேம்மா" என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ஐந்து மாதம் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் அவள் ராசியைப் பற்றி ஜாடைமாடையாகப் பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை. தன்னால்தான் போனான் என்ற எண்ணத்தில் அவள் எனக்குச் சமைத்துப் போட்டாள். கிரீஸ் படிந்த என் சட்டைகளைத் துவைத்தாள். வீட்டில் இரண்டு தட்டு இருந்தது, அய்யா. சாயங்காலம் விளக்கு எரிந்தது.

முந்தாநாள் பெட்டியை எடுத்து வைத்தாள். "இங்க மூச்சு முட்டுது மாமா. அம்மாகிட்டயே போறேன். இந்த ஊர்ப் பக்கம் இனிமே வர மாட்டேன்" என்றாள்.

அதனால்தான் வந்தேன். விபத்து என்று எழுதி நீங்கள் மூடிவிட்ட விஷயம் என்று தெரியும். நானாக வந்து சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. வண்டி இன்னும் உங்கள் ஸ்டேஷன் கொல்லையில்தான் கிடக்கிறது. கியர்பாக்ஸைப் பிரித்துப் பாருங்கள், தட்டு முழுக்க மஞ்சளாக இருக்கும். என் தம்பியைக் கொன்றது நான்தான். செய்யாத பாவத்தை அந்தப் பெண் காலம் முழுக்கச் சுமக்கக் கூடாது. எனக்கு வேறு நோக்கம் எதுவும் இல்லை.

எழுதிக்கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும், அய்யா. வழக்கு முடிகிறவரை முக்கியச் சாட்சி ஊரைவிட்டுப் போகக் கூடாது, அப்படித்தானே?