கடைசியாகப் பாடப் போனவன்

இந்தத் தே தாரிக் டீயில் சீனி கொஞ்சம் தூக்கல், சார். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு இனிப்புநீர் இருக்கிறது, ஆனால் இனிமேல் அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது. நன்றாகவே இருக்கிறது.

நான் தானாக வந்ததற்குக் காரணம் பவித்ரன். தைப்பிங் அணியில் அவன்தான் நல்ல பிடிகாரன். எங்கள் ஆட்டக்காரன் ஷர்வினோடு அவனுக்குப் பழைய தகராறு இருந்தது, ஆட்டத்தில் வேண்டுமென்றே தூக்கிப் போட்டான் என்று யாரோ சொல்ல, நீங்களும் அவனை லோக்காப்பில் வைத்திருக்கிறீர்கள். அவன் அம்மா போலீஸ் நிலைய வாசலில் நிற்கிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவன் பிடித்தது ஆட்ட விதிப்படி சரியான பிடி. அவனை விட்டுவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகேசு, கபடிப் பயிற்சியாளர்.

இல்லாத ஒரு தோட்டத்தின் அணிக்குப் பயிற்சியாளர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டத்தின் பெயர் எங்கள் ஜெர்சி முதுகில் மட்டும்தான் மிச்சம். என் பேச்சை வீட்டில் பூனைகூடக் கேட்காது, சார். மைதானத்தில் ஓர் அணியே கேட்டது. அந்த ருசி பொல்லாதது.

ஷர்வின் என் தங்கை பாப்பாவின் மகன். ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை. அவன் ஆட்டமே தனி. எதிரணிக்குள் பாடப் போன இடத்தில் பத்துக் கைகள் பிடித்தாலும் தலையை முன்னால் எறிந்து நடுக்கோட்டுக்குப் பாய்வான். உடம்பு பின்னால் வந்து சேரும். முழங்கால்கள் அவன் தலையில் இடிக்கும் சத்தம் எங்கள் பக்கம் வரை கேட்கும். கண் மேலே செருகிக்கொள்ளும், சில நாள் வாந்தி எடுப்பான்.

அதற்கு எங்களிடம் ஒரு சோதனை உண்டு. முகத்தில் தண்ணீர் அடிப்பேன், இரண்டு கன்னத்திலும் அறைவேன். பிறகு, "பாடுடா" என்பேன். மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாட வேண்டும். பாட்டு அறுபடாமல் வந்தால் தலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் செய்தார். அவர் கடைசிக் காலத்தில் சட்டைப் பொத்தான் போட மறந்துபோனார், அதை நாங்கள் வயதென்று நினைத்தோம். ஷர்வினுக்கு ஒருநாளும் பாட்டு அறுபட்டதில்லை. ஆகவே ஒருநாளும் அவனை வெளியே உட்கார வைத்ததில்லை.

பிறகு அவன் மாறினான். சக்கரம் மாட்டும்போது நட்டு முடுக்க மறந்தான். அதைக் கேட்ட முதலாளியை ஸ்பேனரால் அடித்தான். வீட்டில் சோற்றுப் பானை சுவருக்குப் போனது. பாப்பாவின் கன்னத்தில் விரல்கள் பதிந்தன. மறுநாள் அவனே, "யாரும்மா அடிச்சா?" என்று கேட்டு எண்ணெய் தேய்த்துவிடுவான்.

அந்தச் சமயத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், அடிபட்டு ஆடுகிறவர்களின் தலையை ஸ்கேன் எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ரக்பிக்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாம் இருக்க, கபடிக்காரனும் ஒருவன் வேண்டுமாம். பாப்பா கெஞ்சியதால் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் தர்ஷனா முடிவைச் சொல்ல ஆரம்பித்ததும் ஷர்வின் பசிக்கிறது என்று எழுந்து போய்விட்டான். நான் மட்டும் கேட்டேன்.

"அங்கிள், இது சாதாரண மூளை. இது ஷர்வினோடது. நடுவுல இந்தக் கறுப்பு இடம் எவ்ளோ பெருசு பாருங்க. சுத்தி உள்ளது சுருங்கினதால அப்படி. ஞாபகம் வைக்கிற இடம், கோபத்தைப் பிடிச்சு நிறுத்துற இடம், ரெண்டும் மெலிஞ்சு போயிருக்கு. உள்ள ஓடுற இழையெல்லாம் அங்கங்க பிஞ்சிருக்கு."

ரப்பர் பால் வெட்டும்போது கத்தி மரத்துக்குள் இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும், திரும்ப வெட்ட முடியாது. நான் அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"கோபம் அவர் குணம் இல்ல அங்கிள், காயம். ஆட்டத்தை விட்டுட்டு மருந்து எடுத்தா நல்லாவே கட்டுப்படுத்தலாம். ஆனா போன தடவை பட்ட அடியே இன்னும் ஆறல. அதுக்குள்ள இன்னொண்ணு விழுந்தா மூளை வீங்கிடும். வீட்டுக்குத் திரும்ப மாட்டாரு. புரியுதா?"

"புரியுதுங்க டாக்டர்," என்றேன். உண்மையிலேயே புரிந்தது. அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

ஷர்வின் வெளியே கோழிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னா மாமா சொன்னாங்க?"

"உனக்கு மூளை இருக்குதாம்லா. அவங்களுக்கே ஆச்சரியம்."

வாயில் சோற்றோடு சிரித்தான். பாப்பாவிடமும் அதையேதான் சொன்னேன், அவளும் சிரித்தாள். மருந்துச் சீட்டு என் சட்டைப் பையிலேயே துவைபட்டுப் போனது. நான் கொஞ்சம் மறதிக்காரன்.

லகாட் ஊர்த் திருவிழா ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அவன் பாப்பாவைக் கதவோடு வைத்து நசுக்கினான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கையைத் துணியால் கழுத்தில் தொங்கக் கட்டிக்கொண்டு, "குளியல் அறையில வழுக்கிட்டேண்ணே," என்றாள். அன்றே நான் முடிவு செய்துவிட்டேன், சார். இது ஒரு முடிவுக்கு வர வேண்டும். போகிறவன் ஆட்டக்காரனாகவே போகட்டும். இதில் கொடுமை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான் கையைக்கூட ஓங்க வேண்டியதில்லை, ஜெர்சியை எடுத்துக் கொடுத்தால் போதும்.

அன்றைய ஆட்டத்தில் கடைசியாகப் பாடப் போகும் முறை, அந்தக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டேன். அதுவரை இறங்காமல் வெளியே உட்கார்ந்திருந்தான், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு.

"மாமா, தலை ரொம்ப வலிக்குதுலா. வெளிச்சம் குத்துது."

"பாடு."

பாடினான். கபடி, கபடி, கபடி. அப்புறம் நின்றுவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த சொல் என்னவென்று நான் சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி. முதல் தடவையாக அறுபட்டது.

"நல்லா இருக்கடா. போ," என்றேன். போனான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். பவித்ரன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். ஷர்வின் வழக்கம்போலத் தலையை முன்னால் எறிந்தான். எறிந்த தலைதான் முதலில் தரைக்கு வந்தது. பாயெல்லாம் கிடையாது சார், உருட்டிய களிமண். ஈரத்துணி மூட்டையைச் சிமெண்டில் போட்ட மாதிரி ஒரு சத்தம். கழுத்து ஒரு பக்கம் மடங்கியிருக்க, கால்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. காதிலிருந்து ரத்தம் வந்தது. நீட்டிய கை கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. நடுவர் எங்கள் பக்கம் விரல்களைத் தூக்கிவிட்டுத்தான் கீழே பார்த்தார்.

நான் ஓடிப்போய்த் தண்ணீர் அடித்தேன். இரண்டு கன்னத்திலும் அறைந்தேன். பழக்கம்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் தலை நான் தூக்கி வளர்த்த தலை மாதிரியே இல்லை, அவ்வளவு வீங்கியிருந்தது. டாக்டர் தர்ஷனா சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை. பொழுது விடிவதற்குள் முடிந்தது. பாப்பா நல்ல கையால் என் முதுகைத் தடவினாள். "அழாதீங்கண்ணே. நீங்க இல்லாட்டி அவனுக்கு யாருண்ணே இருந்தா?" அவள் வீட்டில் இப்போது எதுவும் உடைவதில்லை. அவளுக்காகத்தான் செய்தேன் என்பதை ஒருநாள் அவளே புரிந்துகொள்வாள்.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒரு வாரத்துக்கு முன்பே முடிவு செய்தவன், ஆட்டம் முழுக்க அவனை ஏன் வெளியே உட்கார வைத்திருந்தாய், கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஏன் இறக்கினாய் என்பதுதானே? அதில் மறைக்க ஒன்றுமில்லை, சார். அதுவரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம்.